ரீப்பா பிரித்துப் போட்ட வண்டி

வடதுருவக் கடலோர ஊரான நுவுக்தாலிக்கில் மோட்டார் பனிவண்டி வைத்திருக்கும் எவரும் ஒருமுறையாவது ரீப்பாவின் வாசலறையில் நின்றிருப்பார்கள். குளிர் வீட்டுக்குள் பாயாமலிருக்க வாசலில் பலகையடித்துக் கட்டும் சின்ன அறைதான். மற்ற வீடுகளில் அங்கே பூட்ஸும் உறைந்த மீனும் கிடக்கும். ரீப்பாவின் வீட்டில் பிரித்த எஞ்சின்கள் கிடந்தன. வருகிறவர்கள் நின்றபடியே பேசுவார்கள். ஏற்றத்தில் இழுக்கவில்லை, காலையில் கிளப்ப அரை மணி நேரம் ஆகிறது என்று வண்டியின் நோயைச் சொல்லிவிட்டுப் போவார்கள். சரியானதும் வந்து ஓட்டிக்கொண்டு போவார்கள். உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீர் குடித்தவர்களை அவள் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்தக் கதை நடந்த குளிர்காலத்தில் அவளுக்கு ஐம்பத்தேழு வயது. இடது இடுப்பு வளைந்திருந்ததால் நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வாள். ஒன்பது வயதில், எலும்பில் காசநோய் என்று சொல்லிக் கப்பலில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனார்கள். மூன்று வருடம் ஒரு பெரிய மருத்துவமனையின் கட்டிலில் கிடந்தாள். திரும்பி வந்தபோது நோய் போயிருந்தது. கூடவே தாய்மொழியில் பாதியும் போயிருந்தது. படகிலிருந்து இறங்கியதும் அம்மா எதையோ கேட்க, இவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். சொற்கள் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துவிட்டன. ஆனால் மற்ற பெண்கள் சிரிக்கிற இடத்தில் அரை நொடி பிந்திச் சிரிக்கும் பழக்கம் அவளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த ஆங்கிலத்தால்தான் எஞ்சின் அவள் கைக்கு வந்தது. வண்டியிழுக்கும் நாய்கள் நோயில் கொத்துக்கொத்தாகச் செத்த வருடத்துக்கு அடுத்த வருடம், அப்பா நரித்தோல்களைக் கொடுத்து முதல் பனிவண்டியை வாங்கினார். இரண்டே வாரத்தில் அது நின்றுபோனது. அண்ணன் சிமியோனி வண்டியோடு வந்த புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க குடு," என்று ரீப்பா வாங்கி வரிவரியாகப் படித்துச் சொன்னாள். அவன் கழற்றினான். ஒரு மாதம் கழித்து அவளே கழற்றினாள். அவன் விளக்குப் பிடித்தான். இடுப்பு அப்படி இருந்ததால் அவளால் பனிவண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சறுக்குவண்டியில் நாள் முழுக்கக் குலுங்கிக்கொண்டு வேட்டைக்குப் போக முடியாது. அவன் போனான், அவள் வண்டியைப் பார்த்துக்கொண்டாள். கொண்டுவந்த கறியில் நல்ல பாகம் எப்போதும் அவளுக்கு வந்துவிடும். அவன் லீட்டியாவைக் கட்டிக்கொண்டு எதிர்வரிசை வீட்டுக்குப் போன பிறகும் அது மாறவில்லை. வானிலை நிலையத்தில் வேலை பார்த்த ஒருவன் இரண்டு குளிர்காலம் ரீப்பாவோடு இருந்தான். மாற்றல் வந்ததும் கிளம்பினான். கடிதம் எழுதுகிறேன் என்றான். எழுதவும் செய்தான், ஒன்றே ஒன்று. அப்போதும் அவள் தனியாகிவிட்டதாக நினைக்கவில்லை. எதிரே அண்ணன் வீடு இருந்தது. அண்ணன் மகன் ஜூட்டாய் நாளைக்கு நாலு தரம் கதவைத் தட்டாமலே உள்ளே வந்து அலமாரியைத் திறந்து பிஸ்கட் தேடுவான்.

அந்த ஜூட்டாய்க்கு இருபத்திரண்டு வயதானபோது, நவம்பரில், அவனுடைய வண்டியை ரீப்பா முழுவதுமாகப் பிரித்துச் சேர்த்துக் கொடுத்தாள். புதுப் பிஸ்டன் வளையங்கள், புது பேரிங், கார்புரேட்டரைக் கழுவித் துடைத்துச் சுத்தம். ஒரு வாரம் கழித்து அவன் ஊருக்கு முன்னால் உறைந்து கிடந்த குடாவில், கடலோடு சேரும் வாய்ப்பக்கம், புதுப்பனியின் மேல் போய்க்கொண்டிருந்தான். அங்கே அடியில் நீரோட்டம் உண்டு. பனி மெல்லியதாக இருக்கும். வேகமாகப் போனால் கடந்துவிடலாம், எல்லோரும் அப்படித்தான் கடப்பார்கள். பின்னால் வந்த கூட்டாளி பார்த்தது இதுதான்: முன்னால் போன வண்டியின் சத்தம் சட்டென்று அறுந்தது. வண்டி கொஞ்ச தூரம் வழுக்கிப் போய் நின்றது. ஜூட்டாய் இறங்கக் காலை எடுத்தான். பனி கறுத்தது, பிறகு அங்கே யாருமில்லை.

உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. வண்டி கிடைக்கவேயில்லை.

அடக்கம் முடிந்த மாலை சிமியோனி ரீப்பாவின் வாசலறைக்கு வந்தான். சுவரில் தொங்கிய ஸ்பானர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நீ பிரிச்சுப் போட்ட வண்டி நின்னு போச்சு," என்றான்.

போய்விட்டான். அதற்குப் பிறகு பதினொரு வருடம் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர் அவளை ஒதுக்கிவிடவில்லை. வண்டி பழுது பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் நுழைந்தால் கூட்டுறவுக் கடையில் பேச்சு வானிலைக்கு மாறிவிடும். ரீப்பா அந்த வண்டியை மனதுக்குள் ஆயிரம் முறை பிரித்தாள். வளையத்தின் இடைவெளியை அளந்தேனா? அளந்தேன். தீப்பொறி நேரத்தைச் சரிபார்த்தேனா? பார்த்தேன். கார்புரேட்டரில் பெட்ரோல் புகும் துளையுள்ள பித்தளை ஜெட், இருநூற்று அறுபதாம் எண். குளிர் காற்று அடர்த்தியானது, பெட்ரோல் தாராளமாகப் போக வேண்டும் என்று பெரியதாகப் பார்த்துத்தானே போட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தால் ஏன் நின்றது? விடை கடலுக்கடியில் கிடந்தது.

அதற்குப் பிறகு அவள் ஒரு வண்டியையும் சும்மா திருப்பிக் கொடுத்ததில்லை. இடுப்பு வலிக்க வலிக்கத் தானே ஏறிக் குடாவைப் பத்துச் சுற்று சுற்றி, மறுபடி பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். "ரீப்பாகிட்ட வண்டிய விட்டா பனி உருகினப்புறம்தான் வரும், படகா வாங்கிக்கலாம்," என்று ஆண்கள் கேலி பேசினார்கள். அவளும் அரை நொடி பிந்திச் சிரித்து வைத்தாள். லீட்டியா புற்றுநோயில் போனபோது ரீப்பா தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்றாள். சிமியோனி அவள் பக்கம் திரும்பவில்லை. அதன் பிறகு எதிரெதிரே இரண்டு வீடுகளிலும் இரண்டு பேர் தனித்தனியாகத் தேநீர் வைத்துக் குடித்தார்கள்.

அவளுக்குத் துணையென்று இருந்தது ரேடியோதான். வெளியே போகிற வேட்டைக்காரர்கள் கையோடு ஒரு பெட்டி ரேடியோ கொண்டுபோவார்கள். ஏரியல் கம்பியைப் பனியில் விரித்து ஊரோடு பேசுவார்கள். அந்த அலையில் பேசுவதைக் கடற்கரை ஊர்கள் மொத்தமும் கேட்கலாம். ரீப்பா காலையில் எழுந்ததும் அதைப் போட்டுவிடுவாள். யார் எத்தனை மான் அடித்தார்கள், யாருக்குச் சளி, யார் மனைவி எதை மறந்துவிட்டுப் போனாயென்று திட்டுகிறாள், எல்லாம் கேட்டுக்கொண்டே வேலை செய்வாள். யாருக்காவது வண்டி நின்றுபோனால் மட்டும் அவளும் பேசுவாள். வேட்டைக்காரர் சங்க அலுவலகத்தில் ரேடியோவைக் கவனிக்கும் மோசேசி அவளைக் கூப்பிடுவான். அந்தப் பதினோராவது வருடக் குளிர்காலத்தில்கூட ஒருவன் அரை மணி நேரம் கயிறு இழுத்தும் வண்டி கிளம்பவில்லையென்று அழாத குறையாகப் பேசினான். "சாவி எங்க இருக்கு?" என்று ரீப்பா கேட்டாள். கொஞ்ச நேரம் இரைச்சல். "என் சட்டைப்பையில இருக்கு அக்கா," என்றான். மூன்று ஊர் சிரித்தது. அந்த ஒரு வாரம் அவளுக்கு நன்றாகவே போயிற்று.

மார்ச் மாதத்தில் சிமியோனியின் வண்டிச் சத்தம் மாறியது. அவன் காலையில் கிளப்பும்போதே அவளுக்குக் கேட்டுவிடும். எஞ்சின் அடித்தொண்டையில் உறுமுவதற்குப் பதிலாக மெல்லிசாக, உச்சத்தில் கீச்சிட்டது. பெட்ரோல் போதாமல் காற்றைக் குடிக்கிற சத்தம் அது. அப்படி ஓடுகிற எஞ்சின் உள்ளுக்குள் வெந்துபோகும். அவள் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் மோசேசியிடம் போனாள்.

"அவருகிட்ட சொல்லு. எஞ்சினுக்குப் பெட்ரோல் பத்தல. நான் சொன்னேன்னு சொல்லாத."

"வேற யாரு சொன்னாங்கன்னு சொல்றது அக்கா? இந்த ஊர்ல காதால எஞ்சின் பார்க்கிற ஆளு வேற யாரு இருக்கா?"

ஆனாலும் மோசேசி சொன்னான். "வண்டி நல்லாத்தான் ஓடுது," என்று சிமியோனி கிளம்பிவிட்டான். அடுத்த வாரம் தனியாகவே மான் வேட்டைக்கு வடக்கே ஏரிப்பக்கம் போனான். ஐம்பத்தைந்து கிலோமீட்டர். அன்றைக்குக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தாறு.

மறுநாள் பிற்பகல் இரண்டு மணி இருக்கும். ரீப்பா ஒரு கிளட்சை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரேடியோவில் இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல் வந்தது.

"சிமியோனி பேசறேன். யாராவது இருக்கீங்களா? ஓவர்."

"மோசேசி இருக்கேன் அண்ணே. சொல்லுங்க."

"வண்டி நின்னுபோச்சு. ஏரிக்கு இந்தப் பக்கம், பெரிய கல்மேட்டுக்குக் கீழ. ஏறும்போது கத்திச்சு, அப்புறம் அப்படியே இறுகிப்போச்சு. கயிறு இழுபடல. மேற்கிலேர்ந்து காத்து கிளம்புது. ஓவர்."

ஊரில் திடமான வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் கடல்பனி முடியும் விளிம்புக்குக் கடல்நாய் வேட்டைக்குப் போயிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு அனுப்புவதென்றால் விடிந்துவிடும். அதற்குள் புயல் வந்துவிடும்.

"எனக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும் அண்ணே," என்றான் கடைசியில். "ரீப்பா அக்கா கேட்டுட்டுத்தான் இருப்பாங்க. அவங்க பேசட்டுமா?"

ரீப்பா கிளட்சைத் தரையில் வைத்துவிட்டு ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். பொத்தானை அழுத்தவில்லை. அவன் சொல்லட்டும் என்று இருந்தாள். அந்த நிமிடம் அவளுக்கு நீளமாக இருந்தது.

"பேசட்டும்," என்றான் சிமியோனி.

அவள் பொத்தானை அழுத்தினாள். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் எப்படியும் கூப்பிடவில்லை.

"நின்னு எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"இப்ப கயிற இழுத்துப் பாரு."

போய் இழுத்துவிட்டு வந்தான். மூச்சு வாங்கியது. "இழுபடுது."

"ஆறிடுச்சு, அதான் விட்டுக்கொடுக்குது. கிளப்பாத. ரெண்டு பிளக்கையும் கழட்டி முனை என்ன நிறம்னு பார்த்துச் சொல்லு. ரேடியோ பேட்டரிய சட்டைக்குள்ள வச்சுக்க, குளிர்ல செத்துடும்."

பத்து நிமிடம் கழித்து வந்தான். "இடது பக்கம் வெளிறின பழுப்பு. வலது பக்கம் வெள்ளை."

"எப்படி வெள்ளை?"

"எலும்பு மாதிரி."

"வெயில்ல காட்டிப் பாரு. மினுமினுன்னு துகள் ஒட்டியிருக்கா?"

"ரெண்டு மூணு இருக்கு."

ரீப்பா கண்ணை மூடிக்கொண்டாள். அது பிஸ்டன் உருக ஆரம்பித்ததன் அடையாளம். பிளக் இருந்த துளையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு மறுகையால் கயிற்றை இழுக்கச் சொன்னாள். காற்று விரலைத் தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். இடது பக்கம் நன்றாகத் தள்ளியது. வலது பக்கம் கொஞ்சம் சோர்வாக, ஆனாலும் தள்ளியது. அப்படியென்றால் பிஸ்டனில் இன்னும் ஓட்டை விழவில்லை.

"எஞ்சின் இன்னும் போகல," என்றாள். "ஆனா பெட்ரோல் பத்தாம வெந்திருக்கு. கார்புரேட்டர்ல ஜெட் மாத்தினியா?"

அவள் மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

"கேக்குதா? ஜெட்ட யாரு மாத்தினது? எனக்குத் தெரிஞ்சாத்தான் அடுத்து என்னன்னு சொல்ல முடியும். ஓவர்."

"நான்தான்."

"என்ன நம்பர்?"

"இருநூத்து இருபது. பெட்ரோல் மிச்சமாகும்னு." இரைச்சல் வந்து போனது. ஆள் பேசி முடிக்கவில்லை, பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மூச்சுச் சத்தமும் அதன் பின்னால் காற்றும் கேட்டன. "அன்னிக்கும் நான்தான் மாத்தினேன்."

"என்னைக்கு?" என்று அவள் கேட்டாள். எந்த நாள் என்று தெரிந்தேதான் கேட்டாள்.

"ஜூட்டாய் வண்டில. நீ குடுத்து ரெண்டு நாள் கழிச்சு. அந்த வருஷம் பெட்ரோல் பீப்பாய் குறைச்சலா இருந்துச்சு, அடுத்த கப்பல் வரைக்கும் தாங்கணுமேன்னு சின்னதா போட்டுட்டேன். அவனுக்கே தெரியாது. யாருக்கும் தெரியாது." பிறகு, பழக்கத்தில், "ஓவர்," என்றான்.

கடற்கரை முழுதும் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லா வீட்டு அடுக்களையிலும் அந்தப் பெட்டி இருந்தது. ஒருவரும் பொத்தானைத் தொடவில்லை.

ரீப்பாவின் கை ஒலிவாங்கியைப் பிடித்தபடி மடியில் கிடந்தது. அவளுக்குள் முதலில் ஒன்றுமே எழவில்லை. பிறகு, அந்தப் பெட்டியை அப்படியே அணைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ஒரு சின்னத் திருகு. திருகினால் போதும். அவன் அங்கே கல்மேட்டுக்குக் கீழே உட்கார்ந்து காற்றிடம் பேசிக்கொள்ளட்டும். அப்படித் தோன்றியதைப் பிற்பாடு அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

பொத்தானை அழுத்தினாள்.

"பழைய ஜெட் கையில இருக்கா?"

"இல்ல. வீட்ல இருக்கு."

"சரி. சோக்கை இழுத்து வச்சு ஓட்டலாம், காத்தக் குறைச்சா பெட்ரோல் கூடப் போகும். நான் சொல்றத வரிசையா செய். ஒண்ணு, ரெண்டு துளையிலயும் ஒரு கரண்டி எண்ணெய் ஊத்து. பிளக் போடாம பத்து தடவை மெதுவா இழு. ரெண்டு, டேங்க்ல எண்ணெய் கூட ஊத்து, வழக்கமா ஊத்தறதுல பாதி சேர்த்து. மூணு, வலது பக்கத்துக்கு மாத்துப் பிளக் போடு. அந்த வெள்ளைய தூக்கிப் போட்டுடாத, எனக்கு வேணும். சறுக்குவண்டில எத்தனை மான் இருக்கு?"

"அஞ்சு."

"மூணை அங்கயே பனியில புதைச்சுட்டு வா."

"நரி தோண்டித் தின்னுடும்."

"தின்னுட்டுப் போகட்டும். உன்னைத் தின்னாம இருந்தா சரி."

எங்கோ ஒரு வீட்டில் யாரோ தவறுதலாகப் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். ஒரு பெண் மூக்கை உறிஞ்சுவது கேட்டு நின்றது.

மூன்று மணி கடந்து வண்டி கிளம்பியது. கிளம்பிய சத்தத்தை ரேடியோ வழியாகவே கேட்க வேண்டுமென்று சொல்லியிருந்தாள். முதலில் இருமியது, புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. சோக்கைப் பாதி இழுத்து வைத்தபடி ஓட்ட வேண்டும். வேகமுள் இருபதைத் தாண்டக்கூடாது. அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட வேண்டும். நிறுத்தும்போதெல்லாம் கம்பியை விரித்துக் கூப்பிட வேண்டும். அவன் கூப்பிட்டான். "ஓடுது," என்பான். "சூடு?" என்பாள். "கை வைக்க முடியுது," என்பான். அவ்வளவுதான். ஒருமுறை பிளக் கரிபிடித்து எஞ்சின் திக்கியது. துடைத்துப் போடச் சொன்னாள். காற்று ஏறி, முன்னால் ஒரு வண்டி நீளத்துக்கு மேல் தெரியவில்லையென்றபோது, காற்று செதுக்கிய பனி அலைகளின் வரிகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டே வா, வரியோடு சேர்ந்து திரும்பிவிடாதே என்றாள். அது அவனே அவளுக்குச் சின்ன வயதில் சொன்னதுதான்.

ஏழு மணிக்குச் சற்று முன்னால் ஜன்னலில் ஒரு மங்கிய விளக்கு குடாவைக் கடந்து வருவது தெரிந்தது. சத்தம் கரகரப்பாக, நனைந்த குரலில், ஆனால் ஒழுங்காக வந்தது. எதிர்வீட்டில் போய் நின்றது. எஞ்சின் அணைந்தது. அவள் எழுந்து கதவுவரை போனாள். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. அவள் ரேடியோவை அணைத்தாள். அதை இவ்வளவு சீக்கிரம் அணைப்பதேயில்லை, தூங்கப் போகுமுன்தான். உறைந்த மீனைத் துண்டுபோட்டு மேசையில் வைத்தாள். சாப்பிடவில்லை.

மறுநாள் காலை முதல் ஆட்கள் வந்தார்கள். வாசலறையில் நிற்காமல் உள்ளே வந்தார்கள். ஒருத்தி கடல்நாய்க் கறி கொண்டுவந்தாள், ஒருத்தி சுடச்சுட ரொட்டி. உட்கார இடமில்லாமல் தரையில் உட்கார்ந்தார்கள். கடைக்காரப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கெல்லாம் அப்பவே தெரியும், உன் மேல தப்பு இருக்காதுன்னு," என்றாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

ரீப்பா அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இதைப் பதினொரு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாராவது வந்து சொல்லியிருக்கலாம். இன்றைக்குச் சொல்கிறார்கள். வீட்டில் இத்தனை பேர் இருந்து அவள் பார்த்ததில்லை, அன்றைக்குத் தனியாக இருந்ததுபோல அவள் என்றைக்கும் இருந்ததுமில்லை.

"வேலை இருக்கு," என்றாள். "போயிட்டு வாங்க."

மூன்று நாள் சிமியோனி வெளியே வரவில்லை. புயல் அடித்து ஓய்ந்தது. நாலாம் நாள் ரீப்பா கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து, எதிர்வீட்டு முற்றத்துக்குப் போனாள். நாற்பது அடி தூரம். பதினொரு வருடத்தில் முதல்முறை. வண்டி மேல் பனி மூடியிருந்தது. துடைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். கார்புரேட்டரின் அடித்திருகைக் கழற்றி, இருநூற்று இருபதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, தான் கொண்டுவந்த பெரிய ஜெட்டை மாட்டினாள். விரல்கள் மரத்துப்போயின.

கதவு திறந்தது. சிமியோனி வெறும் சட்டையோடு, தொப்பியில்லாமல் நின்றான். அவனுக்கு வயதாகிவிட்டிருப்பதை அவள் பக்கத்திலிருந்து இப்போதுதான் பார்த்தாள். அவன் கையில் அந்த வெள்ளைப் பிளக் இருந்தது. கொண்டுவந்து கொடுத்தான்.

"பதினோரு வருஷம் நான் அந்த வண்டியப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றாள் அவள், வேலையிலிருந்து நிமிராமலே. "ஒவ்வொரு திருகா."

"தெரியும்."

"தெரியுமா?"

"உன் வாசலறை விளக்கு இங்கேர்ந்து தெரியும். நீ என்ன பண்ணிட்டிருக்கேன்னு தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"தெரிஞ்சும்தான்." அவன் பனியைப் பார்த்துக்கொண்டு பேசினான். "லீட்டியா இருந்தவரைக்கும் சொல்ல முடியல. அவ முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? அவ போனப்புறம் சொல்லிடலாம்னு நெனச்சேன். அப்ப உன் முகத்தைப் பார்த்துச் சொல்லணுமே. ஒருநாள் கதவு வரைக்கும் வந்தேன். உள்ள ரேடியோ பேசிட்டிருந்துச்சு. ஆளு இருக்குன்னு நெனச்சுத் திரும்பிட்டேன்."

"யாரும் இருந்திருக்க மாட்டாங்க."

"இப்ப தெரியுது."

அவள் மூடியைச் சாத்தினாள். கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டாள். அவன் அந்த மூடியின் மேல் கையை வைத்தான். "நான்தான் அவனக் கொன்னேன், ரீப்பா."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்குச் சேர வேண்டிய சொல்தான் அது.

"அது எனக்குத் தெரியாது," என்றாள். "சின்ன ஜெட் போட்டா எஞ்சின் இறுகலாம். இறுகாமலும் ஓடலாம், எத்தனையோ வண்டி ஓடியிருக்கு. பிளக் கம்பி அறுந்திருக்கலாம். பெட்ரோல்ல தண்ணி உறைஞ்சிருக்கலாம். என் கையாலயே ஏதாவது விட்டுப் போயிருக்கலாம். எஞ்சினைப் பிரிச்சுப் பார்க்காம நான் காரணம் சொல்ல மாட்டேன். யாருக்கும் சொன்னதில்ல. உனக்கும் சொல்ல மாட்டேன்."

அவன் காது நுனிகள் வெளுத்துக்கொண்டிருந்தன.

"உள்ள போ, காது உறையுது," என்றாள்.

"நீயும் வா தங்கச்சி. கறி வேகுது."

அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலம். கேட்டதும் ஓடிப்போய்விட வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

"இன்னைக்கு இல்ல," என்று பையை எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் போகவில்லை. அந்த வாரமும் போகவில்லை. மே மாதத்தில், பகல் அணையாமல் நீண்டு கிடக்கிற நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தரையில் விரித்த அட்டையில் வைத்துக் கறி தின்றார்கள். அதிகம் பேசவில்லை. எந்த எலும்பில் மஜ்ஜை நிறைய இருக்கிறது என்பது பற்றி ஒரு சின்னத் தகராறு வந்தது. அவ்வளவுதான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போனாள், எல்லா ஞாயிறும் அல்ல. மன்னித்தேன் என்று அவள் ஒருபோதும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. மற்ற நாட்களில் அவள் வாசலறையில் முன்போலத்தான் இருந்தாள். நின்றபடி பேசிவிட்டுப் போகிறவர்கள் நின்றபடியே பேசிவிட்டுப் போனார்கள்.

சிமியோனி வெளியே போகும்போதெல்லாம், வண்டியில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், மாலையில் கம்பியை விரித்துக் கூப்பிடுவான். "தங்கச்சி, இருக்கியா? ஓவர்." ஊர் முழுக்கக் கேட்கும். ரீப்பா பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பாள், கை துடைத்து, ஒலிவாங்கி கைக்கெட்டும் தூரத்தில். முதல் தடவை கூப்பிட்டதும் அவள் பதில் சொல்வதில்லை. இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் இரண்டாம் தடவை கூப்பிட்டதும் பொத்தானை அழுத்துவாள்.

"கேக்குது," என்பாள்.